விதை எண்ணெய் விஷம் என்றால் நல்லெண்ணெய் எந்தக் கணக்கு?

கேள்விக்குறி77 | 4 அக்டோபர் 2025, மாலை 6.10

சூரியகாந்தி எண்ணெயைத் தூக்கிப் போட்டுவிட்டு நெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் திரும்பலாமா? அமெரிக்காவில் ராபர்ட் கென்னடி ஜூனியர் விதை எண்ணெய் மக்களுக்கு விஷம் என்று சொல்லிவிட்டுத்தான் சுகாதார அமைச்சரானார். அங்கே ஸ்டேக் என் ஷேக் என்ற துரித உணவுக் கடைகளில் உருளைக்கிழங்கு இப்போது மாட்டுக்கொழுப்பில் பொரிகிறது. வாட்ஸ்அப்பில் வரும் கறுப்புப் பட்டியலில் எட்டு எண்ணெய்: கனோலா, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, சோயா, சூரியகாந்தி, குசும்பா (சாஃப்ளவர்), திராட்சை விதை, தவிடு. மினசோட்டா ஆய்வில் கொலஸ்ட்ரால் இறங்கியும் சாவு குறையவில்லையாம். நம்ம ரயில்வே ஆய்வு ஒன்றும் கூடவே சுற்றுகிறது: நெய் தின்ற பஞ்சாபியை விட எண்ணெய் தின்ற மதராசிக்கு ஏழு மடங்கு மாரடைப்புச் சாவு. பதில் சொல்பவர்கள் எண்ணோடு சொல்லுங்கள். "எல்லாம் அளவோடு" என்று எழுதுபவர்கள் உடனே பிளாக்.

ஈயச்சட்டி | 4 அக்டோபர், இரவு 9.30

முதலில் அந்தப் பட்டியல். நல்லெண்ணெய் ஏன் அதில் இல்லை? எள் என்ன வேரா, கிழங்கா?

பயம் காட்டப்படும் பொருள் லினோலிக் அமிலம், ஒமேகா 6 வகை. நூறு கிராம் எண்ணெயில் தோராயமாக எவ்வளவு என்றால்: குசும்பா 75, சூரியகாந்தி 60 முதல் 65, மக்காச்சோளம் 55, சோயாவும் பருத்திக்கொட்டையும் 50ஐ ஒட்டி, நல்லெண்ணெய் 42, தவிடு 33, கடலெண்ணெய் 25 முதல் 32, கடுகு 15, பாமாயிலும் ஆலிவும் 10 பக்கம், தேங்காயெண்ணெயும் நெய்யும் 2. பட்டியலில் இருக்கிற தவிட்டெண்ணெயை விட, இல்லாத நல்லெண்ணெயில் லினோலிக் அதிகம். அமெரிக்கச் சமையலறை அலமாரியைப் பார்த்து எழுதிய பட்டியல் அது. அங்கே எள்ளுக்குப் புழக்கம் குறைவு, தப்பித்தது.

சூரியகாந்தியிலும் இரண்டு சாதி. உயர் ஓலிக் ரகத்தில் ஓலிக் (ஆலிவ் எண்ணெயின் முக்கியக் கொழுப்பு அமிலம்) 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும், லினோலிக் சொற்பம். லேபிளில் "பூஃபா" (பல நிறைவுறாக் கொழுப்பு, லினோலிக் அடங்கும் வகை) வரியைப் பார்க்காமல் விதையின் பெயரை மட்டும் வைத்துச் சண்டை போட்டால் ஒன்றும் தேறாது.

கொப்பரை | 5 அக்டோபர், காலை 7.05

கடலெண்ணெய்க்கும் அதே சேதிதானுங்க. கிர்னார் 4, கிர்னார் 5னு உயர் ஓலிக் நிலக்கடலை வந்துருச்சு. அதுல ஓலிக் 80 பக்கம், லினோலிக் பத்துக்கும் கீழே. அதை ஆட்டினா உங்க 25–32 கணக்கு ஒத்து வராது. எண்ணெய் சீக்கிரம் காறாது, அதனாலதான் கடலைமிட்டாய்க்காரங்க தேடறாங்க. மளிகைக்கடைப் பாட்டில்ல எந்த ரகம்னு ஒருத்தரும் எழுதறதில்லை.

ஈயச்சட்டி | 5 அக்டோபர், இரவு 10.15

மினசோட்டா. கொஞ்சம் நீளும்.

1968 முதல் 1973 வரை, ஐவன் ஃப்ரான்ட்ஸ் தலைமையில், ஆன்செல் கீஸும் சேர்ந்து நடத்தியது. அரசு மனநல மருத்துவமனைகளும் ஒரு முதியோர் இல்லமும்தான் களம். ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு அணிக்கு வழக்கமான விலங்குக் கொழுப்புச் சாப்பாடு. இன்னொரு அணிக்கு மக்காச்சோள எண்ணெயும் அதில் செய்த மார்ஜரினும், லினோலிக் மொத்த கலோரியில் 13 சதவீதம் வரை. முடிவுகள் 1989ல்தான் வெளிவந்தன. கிடப்பில் கிடந்த தரவுகளைத் தோண்டி எடுத்து ராம்ஸ்டன் குழு 2016ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் மறுபடி அலசியது. எண்ணெய் அணிக்குக் கொலஸ்ட்ரால் 14 சதவீதம் அளவுக்கு இறங்கியது, சாவு குறையவில்லை. இதுவரை வாட்ஸ்அப் சொல்வது சரி.

அது சொல்லாதது மூன்று. அந்தக் காலத்தில் நோயாளிகளை வேகவேகமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் 2,355 பேர்தான். தமனி அடைப்பு பல வருடங்களில் கட்டுவது, சில மாதச் சாப்பாட்டில் சாவு எண்ணிக்கை அசையாது. இரண்டாவது, அந்தக் கால மார்ஜரினில் டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாவது) இருந்திருக்க நல்ல வாய்ப்பு. எவ்வளவு என்று அளந்து வைத்த கணக்கு இல்லை. மூன்றாவது, "கொலஸ்ட்ரால் 30 இறங்கினால் சாவு 22 சதவீதம் கூடியது" என்ற வரி. உள்ளே நோய் தின்று இளைத்துக்கொண்டிருக்கும் முதியவருக்கும் கொலஸ்ட்ரால் தானாக இறங்கும். அங்கே சாவுக்குக் காரணம் இறக்கமா, இறக்கத்துக்குக் காரணம் சாவு நெருங்குவதா? அந்த வரியை வைத்து இதைப் பிரிக்க முடியாது.

கேள்விக்குறி77 | 6 அக்டோபர், காலை 8.40

சரி, சிட்னி ஆய்வு? அதில் டிரான்ஸ், மனநல மருத்துவமனை என்று நழுவ முடியாதே.

ஈயச்சட்டி | 6 அக்டோபர், இரவு 9.50

நழுவவில்லை. சிட்னிதான் எதிர்த்தரப்பின் கெட்டியான சீட்டு. 1966 முதல் 1973 வரை, இதய நோய் வந்து பிழைத்த ஆண்கள் 458 பேர். குசும்பா எண்ணெய், குசும்பா மார்ஜரின், பூஃபா கலோரியில் 15 சதவீதம் பக்கம். எண்ணெய் அணியில் இறந்தவர்கள் 17.6 சதவீதம், மற்றதில் 11.8. 2013 மறு அலசலில் இதயச் சாவும் கூடியதாகவே வந்தது. குசும்பாவில் ஒமேகா 3 இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்ஜரின் பங்கை இங்கேயும் பிரிக்க முடியவில்லை.

இதற்கு எதிர்த் தட்டில் லாஸ் ஏஞ்சலிஸ் முன்னாள் படைவீரர் இல்லம்: 846 ஆண்கள், எட்டு வருடம் வரை, அதே மாதிரி அதிக லினோலிக், ஆனால் பெரும்பாலும் நேரடி எண்ணெயாக (மக்காச்சோளம், சோயா, குசும்பா, பருத்திக்கொட்டை). தமனி அடைப்பால் இறந்தவர்கள் எண்ணெய் அணியில் 48, மற்றதில் 70. மொத்தச் சாவு 174க்கு 177, அதாவது வித்தியாசமே இல்லை. பின்லாந்தில் இரண்டு மனநல மருத்துவமனைகள், 1959 முதல் 1971, பாலின் கொழுப்பை எடுத்துவிட்டுச் சோயா எண்ணெய் கலந்த பால். ஆண்களுக்கு இதயச் சாவு ஏறத்தாழ பாதி. ஆனால் ஆள் ஆளாகக் குலுக்கிப் பிரிக்கவில்லை, மருத்துவமனையையே பிரித்தார்கள். அது அந்த ஆய்வின் ஓட்டை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த, மருத்துவச் சோதனைகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு (2020): நிறைவுற்ற கொழுப்பை இரண்டு வருடமாவது குறைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்து 17 சதவீதம் குறைவு. மொத்தச் சாவில் பெரிய மாற்றமில்லை. விஷமும் இல்லை, அமிர்தமும் இல்லை.

சீரம் | 6 அக்டோபர், இரவு 11.20

சோதனைகள் பழையவை. இரத்தத்தை அளந்து பார்த்தவை புதியவை. 2019ல் சர்க்குலேஷன் இதழ்: 30 ஆய்வுகள், 13 நாடுகள், 68,659 பேர். உடம்பில் லினோலிக் அளவு அதிகம் இருந்தவர்களுக்கு இதய நோயும் இதயச் சாவும் குறைவு. சாப்பிட்டதைக் கேட்டு எழுதியதல்ல, இரத்தத்திலும் கொழுப்புத் திசுவிலும் அளந்தது. பொய் சொல்ல வழி இல்லை.

"லினோலிக் உடம்பில் அராகிடோனிக் என்ற இன்னொரு அமிலம் ஆகும், அது அழற்சியைக் கிளப்பும்" என்று பாடப்புத்தகப் படத்தைக் காட்டுவார்கள். பாதை உண்மை. ஆனால் அந்த வழியில் கதவு குறுகல். சாப்பாட்டில் லினோலிக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் இரத்தத்தில் அராகிடோனிக் பெரிதாக நகர்வதில்லை. சிஆர்பி போன்ற அழற்சிக் குறிகளும் ஏறுவதில்லை.

கொப்பரை | 7 அக்டோபர், காலை 6.50

அப்ப தேங்காயெண்ணெயைக் கை கழுவிரலாமுங்களா? கேரளாவுல இதய நோயாளிங்க 200 பேருக்கு ரெண்டு வருசம் பாதிப் பேருக்குத் தேங்காயெண்ணெய், பாதிப் பேருக்குச் சூரியகாந்தி குடுத்துப் பார்த்தாங்களே. ஒரு வித்தியாசமும் வரலையே.

ஈயச்சட்டி | 7 அக்டோபர், இரவு 10.05

2016ல் வந்த ஆய்வு அது. ஆனால் அந்த நோயாளிகள் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையில் இருந்தவர்கள். மாத்திரை எல்டிஎல்லை (கெட்ட கொலஸ்ட்ரால்) அழுத்திப் பிடித்திருக்கும்போது எண்ணெயின் கை தெரியாது. மாத்திரை போடாத ஆளுக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது. 2020ல் 16 சோதனைகளைச் சேர்த்த அலசலில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்டிஎல்லை 10 மில்லிகிராம் அளவு ஏற்றியது, எச்டிஎல்லை (நல்ல கொலஸ்ட்ரால்) 4.

ஒரு வீட்டுக் கணக்கு. நாலு பேர், மாதம் 4 லிட்டர். லிட்டர் 910 கிராம். 3,640 கிராமை 120ஆல் வகுத்தால் தலைக்கு நாளுக்கு 30 கிராம். 2,000 கலோரி ஆள் என்று வையுங்கள்.

30 கிராமும் தேங்காயெண்ணெய் என்றால் நிறைவுற்ற கொழுப்பு 27 கிராம், 243 கலோரி, 12 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பு 10. பால், தயிர், கறி, தேங்காய்ச் சட்டினி உள்ளே வருவதற்கு முன்பே தாண்டியாச்சு. அதே 30 கிராம் சூரியகாந்தி என்றால் லினோலிக் 18 கிராம், 8 சதவீதம். சிட்னியின் 15க்குப் பக்கத்தில் கூட இல்லை. கடலெண்ணெய் என்றால் லினோலிக் 4 சதவீதம், நிறைவுற்றது 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே.

கொலஸ்ட்ரால் மாற்றத்தைக் கணிக்கும் கீஸ் சூத்திரப்படி நிறைவுற்ற கொழுப்பு ஏற்றும் வேகத்தில் பாதி வேகத்துக்குப் பூஃபா இறக்கும்: மாற்றம் = 1.35 × (2 × நிறைவுற்றது − பூஃபா). தேங்காயெண்ணெயில் இருந்து கடலெண்ணெய்க்கு மாறினால் நிறைவுற்றது 9.5 இறங்குகிறது, பூஃபா 3.8 ஏறுகிறது. விடை 30 மில்லிகிராம் இறக்கம்.

சீரம் | 7 அக்டோபர், இரவு 10.40

இந்த 30ஐ எல்டிஎல் என்று படித்துவிடாதீர்கள். கீஸ் சூத்திரம் மொத்தக் கொலஸ்ட்ராலுக்கு. தேங்காயெண்ணெயின் முக்கியக் கொழுப்பான லாரிக் அமிலம் எச்டிஎல்லையும் ஏற்றும், எனவே இறங்கும் 30ல் ஒரு துண்டு எச்டிஎல்லுடையது. ஒரு கூட்டத்துச் சராசரி வேறு. ஆளுக்கு ஆள் பாதியாகவும் இருக்கும், இரட்டிப்பாகவும் இருக்கும்.

கேள்விக்குறி77 | 8 அக்டோபர், காலை 9.15

ரயில்வேயை யாரும் தொடவில்லை. பயமா?

ஈயச்சட்டி | 8 அக்டோபர், இரவு 9.20

எஸ்.எல். மல்ஹோத்ரா, 1967, பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல். 11 லட்சத்துக்கு மேற்பட்ட ரயில்வே ஊழியர்கள், 18 முதல் 55 வயது. இதயச் சாவு தெற்கே ஏழு மடங்கு. எண் சரி. அதைச் சூரியகாந்தி தலையில் கட்டுவதுதான் கூத்து. இந்தியாவில் சூரியகாந்தி எண்ணெய் வித்தாகப் பயிராக வந்ததே 1969ல். மல்ஹோத்ரா பார்த்த மதராசித் தொழிலாளி தாளித்தது பெரும்பாலும் கடலெண்ணெயும் நல்லெண்ணெயும். "ரீஃபைண்டை விட்டுச் செக்குக்குத் திரும்புங்கள்" என்று வீடியோ போடுகிறவர் இந்த ஆய்வைக் காட்டினால் அது அவர் காலையே வாரும்.

இன்னொன்று. வடக்கே கொழுப்பு தெற்கைப் போல 8 முதல் 19 மடங்கு என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியென்றால் தெற்கே எண்ணெய் நாளுக்குச் சில கிராம்தான். சில கிராம் எண்ணெய் ஏழு மடங்கு சாவைக் கொண்டுவந்தது என்றால் இன்று 30 கிராம் தின்னும் நாம் ஒருவரும் மிஞ்சியிருக்கக் கூடாது. மல்ஹோத்ராவே நார், மோர், மென்று தின்னும் பழக்கம் என்ற திசையில்தான் போனார்.

இரண்டு ஊரை ஒப்பிட்டால் எண்ணெய் மட்டுமா மாறும்? தட்டில் மீதி என்ன என்பதுதான் கேள்வி. நெய்யை எடுத்துவிட்டுக் கடலெண்ணெய் வைத்தால் எல்டிஎல் இறங்கும். நெய்யை எடுத்துவிட்டு இன்னொரு கரண்டி வெள்ளைச் சோறு வைத்தால் எல்டிஎல் கொஞ்சம் இறங்கும், டிரைகிளிசரைடு ஏறும், எச்டிஎல் விழும், இதயத்துக்கு லாபமில்லை. கடந்த மாதக் கடைசியில் வந்த ஐசிஎம்ஆர் இண்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின் கணக்கில் இந்தியத் தட்டில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. சண்டை முழுக்க மீதி இருக்கும் ஓரத்தில் நடக்கிறது.

கொப்பரை | 8 அக்டோபர், இரவு 9.45

எல்லாம் அளவோடுன்னு சொல்ல வர்றீங்க. பிளாக் ஆகப் போறீங்க பாருங்க.

சீரம் | 9 அக்டோபர், மதியம் 1.30

எண்ணெய் மாற்றி இரத்தம் பார்க்கப் போகிறவர்களுக்கு:

மாற்றத்துக்கு முன் ஒன்று, மாற்றி 6 முதல் 8 வாரம் கழித்து ஒன்று. இரண்டு வாரத்தில் ஓடி வராதீர்கள். நடுவில் எடை மூன்று நாலு கிலோ குறைந்தாலோ தைராய்டு மாத்திரை அளவு மாறினாலோ எண்ணெய்க்குப் பேர் வைக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே லேப். 12 மணி நேரம் வெறும் வயிறு. டிரைகிளிசரைடுக்குத்தான் அது முக்கியம். பெரும்பாலான லேப்கள் எல்டிஎல்லை அளப்பதில்லை, கணக்குப் போடுகின்றன: மொத்தம் கழித்தல் எச்டிஎல் கழித்தல் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கு. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. 200க்கு மேலேயே குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். அப்போது மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்த எண்ணைப் பாருங்கள், அல்லது அபோபி (கெட்ட கொலஸ்ட்ரால் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் சோதனை) கேளுங்கள். குடும்பத்தில் 50க்குக் கீழே மாரடைப்பு இருந்தால் எல்பி(ஏ) (மரபால் வரும் ஒரு கொலஸ்ட்ரால் துகள்) ஒரு தடவை; எண்ணெய் மாற்றி அதை நகர்த்த முடியாது, திரும்பத் திரும்ப எடுக்கவும் வேண்டாம்.

எண்ணெயை மாற்றும்போது அளவை மாற்றாதீர்கள். முக்கால்வாசிப் பேர் "நல்ல எண்ணெய்" என்று இன்னும் ஒரு கரண்டி சேர்த்து ஊற்றுகிறார்கள்.

கேள்விக்குறி77 | 9 அக்டோபர், இரவு 8.00

எண்ணெயைச் சூடாக்கினால் ஆல்டிஹைடு என்ற கெடுதலான சேர்மம் வரும் என்பது? அதுவும் பொய்யா?

ஈயச்சட்டி | 9 அக்டோபர், இரவு 10.30

அது மெய். ஓலிக்கை விட லினோலிக் பத்து மடங்கு அளவுக்கு வேகமாகக் காற்றோடு சேர்ந்து கெடும், லினோலெனிக் (ஒமேகா 3 வகை) அதற்கும் மேல். வடைச்சட்டியில் சூரியகாந்தி சீக்கிரம் நுரைப்பதும் பிசுபிசுப்பதும் அதனால்தான். தாளிக்கிற இரண்டு நிமிடத்தில் இது பெரிய சங்கதி இல்லை. பொரிப்பதில்தான், அதிலும் திரும்பத் திரும்பப் பொரிப்பதில்தான்.

சட்டப்படி, பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் கெடக் கெடச் சேர்பவை) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1 ஜூலை 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. அளக்க டிபிசி மீட்டர் உண்டு, முனையை எண்ணெயில் முக்கினால் எண் வரும். வீட்டில் அது கிடையாது. நிறத்தை நம்பாதீர்கள், மிளகாய்த்தூள் போட்ட பஜ்ஜி ஒரே ஈட்டில் கறுப்பாக்கும், பூரிக்கு ஊற்றியது கெட்ட பிறகும் பளபளக்கும். கவனிக்க வேண்டியது: பொருளைப் போடும் முன்பே புகைவது, பொங்கும் நுரை அடங்காமல் நிற்பது, ஆறிய பிறகு கரண்டியில் இருந்து நூலாக இறங்குவது. மூன்றில் ஒன்று வந்தாலும் கொட்டிவிடுங்கள்.

வாயகன்ற சட்டியில் காற்றுபடும் பரப்பு அதிகம், குழிவான சின்னச் சட்டியில் 250 மில்லி போதும். சூடு 170 முதல் 180. உப்பையும் பொடியையும் எண்ணெய்க்கு மேலே நின்று தூவாதீர்கள். அடியில் கருகும் தூளைச் சாரணியால் உடனுக்குடன் அள்ளுங்கள். மிஞ்சியதைத் துணியில் வடிகட்டி இரண்டு நாளுக்குள் தாளிப்பில் தீருங்கள். பழைய எண்ணெய் மேல் புதியதை ஊற்றி "சரிக்கட்டுவது"தான் பெரிய தவறு, பழசில் இருக்கும் பெராக்சைடு புதியதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

ரேஷன் பாமாயிலைப் பொரிக்க வைத்துக்கொள்ளலாம், லினோலிக் குறைவு, தாங்கும். 25 ரூபாய்க்கு வேறென்ன கிடைக்கும்? அதையே குழம்புக்கும் ரசத்துக்கும் தினம் ஊற்றினால் பால்மிட்டிக் என்ற நிறைவுற்ற கொழுப்பு ஏறும்.

சீரம் | 10 அக்டோபர், காலை 7.30

பெரிய வில்லன் ஓரமாக நிற்கிறான். டிரான்ஸ். வனஸ்பதி, பேக்கரிக் கொழுப்பு, பஃப்ஸ், கிரீம் பிஸ்கட். எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லை இறக்கும், ஆலையில் செய்ததில் வேறு எந்தக் கொழுப்பும் இரண்டையும் சேர்த்து இப்படிச் செய்வதில்லை. எண்ணெயிலும் கொழுப்பிலும் வரம்பு 2021ல் 3 சதவீதம், 2022 ஜனவரி முதல் 2. சட்டம் சரி. தெருமுனை பேக்கரி டின்னில் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.

கேள்விக்குறி77 | 11 அக்டோபர், மாலை 5.20

விதையிலிருந்து எண்ணெய் பிரிக்க ஊற்றும் ஹெக்சேன் கரைப்பான்?

ஈயச்சட்டி | 11 அக்டோபர், இரவு 9.00

69 டிகிரியில் கொதித்துப் போய்விடும். பிறகு வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் நீராவி அடித்து வாசம் நீக்குகிறார்கள். மிச்சத்துக்கு வரம்பு கிலோவுக்கு 5 மில்லிகிராம். இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். அந்தச் சூட்டில் டோகோபெரால் (வைட்டமின் ஈ) கொஞ்சம் போகும், சொற்ப டிரான்ஸ் உருவாகும், எள்ளின் மணம் போகும். ருசிக்காக மரச்செக்கு என்றால் முழுச் சம்மதம்.

கொப்பரை | 12 அக்டோபர், காலை 6.30

செக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கறவங்களுக்கு நாலு சேதி.

கடலை பூஞ்சை புடிச்சா அஃப்லடாக்சின்ங்கற நஞ்சு வரும். பெரும்பங்கு புண்ணாக்கோட போயிரும், கொஞ்சம் எண்ணெய்ல இறங்கும். ரீஃபைனரில காரமும் களிமண்ணும் அதை எடுத்துரும். செக்குல எடுக்க ஆளே கிடையாது. அதனால பருப்பு பொறுக்கறதுதான் வேலையே: சுருங்குனது, தோல் கறுத்தது, உள்ளே மஞ்சப் பச்சை ஓடுனது எல்லாம் வெளிய போகோணும். வாங்கறவங்க எண்ணெயைப் பார்க்கிறதை விட்டுட்டுப் பருப்பு மூட்டையைத் திறந்து காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா நடையைக் கட்டுங்க.

விலைக் கணக்கு: லிட்டர் கடலெண்ணெய்க்கு ரெண்டரைக் கிலோ பருப்பு வேணும், ஒண்ணரைக் கிலோ புண்ணாக்கு திரும்பி வரும். பருப்பு விலைல புண்ணாக்கு விலையைக் கழிச்சுக் கூலியைச் சேருங்க. அதுக்குக் கீழ ஒருத்தர் விக்கறார்னா கலப்படம், பெரும்பாலும் பாமாயில்.

ஃபிரிட்ஜ் டெஸ்ட் வேண்டாமுங்க. "உறைஞ்சா கலப்படம்"னு வீடியோ சுத்துது. சுத்தமான கடலெண்ணெயே ஃபிரிட்ஜ்ல உறையும். தேங்காயெண்ணெய் உறையறதை வெச்சும் சுத்தம்னு சொல்ல முடியாது, பாம் கெர்னல் எண்ணெய்லயும் லாரிக் அமிலம்தான், அதும் உறையும்.

எள்ளுக்குக் கருப்பட்டி போடறது பிழியறதுக்குத்தான். மண்டி நல்லாத் தெளியாம பாட்டில்ல அடைச்சா ஈரம் நின்னு சிக்கு வாடை வரும்.

கேள்விக்குறி77 | 12 அக்டோபர், மதியம் 12.10

வீட்டுக்கு எழுதித் தாருங்கள். நாலு பேர், இருவருக்குச் சர்க்கரை, ஒருவர் ஸ்டாட்டின்.

ஈயச்சட்டி | 12 அக்டோபர், இரவு 9.40

மாதம் 3 லிட்டர், தலைக்கு 23 கிராம் வரும். கடலெண்ணெய் ஒன்றரை, தவிடு ஒன்று, நல்லெண்ணெய் அரை. நெய் எல்லோருக்கும் சேர்த்து 200 கிராம். தேங்காயெண்ணெய் அவியலுக்கு மேலே ஊற்ற மட்டும். சூரியகாந்தி பிடிக்கும் என்றால் தவிட்டுக்குப் பதில் வையுங்கள், பொரிக்க வேண்டாம். ஒமேகா 3க்கு மத்தி, அயிலை வாரம் இரு முறை, குழம்பாக. வறுத்தால் சட்டி எண்ணெய்தான் மீனில் ஏறும். எண்ணெயில் குறைத்ததைச் சோற்றில் ஏற்றாதீர்கள், பயறும் காயும் கூடட்டும். ஸ்டாட்டினை நிறுத்துவது டாக்டரோடு பேச வேண்டியது, எண்ணெய் மாற்றியதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது.

கொப்பரை | 13 அக்டோபர், காலை 6.40

ஒண்ணு விட்டுப்போச்சு. செக்கெண்ணெயைப் பித்தளைத் தூக்குல ஊத்தி வைக்காதீங்க, செம்பு பட்டா சீக்கிரம் காறிரும். எவர்சில்வர் இல்லைன்னா கறுப்புக் கண்ணாடி, கழுத்து வரைக்கும் நிரப்பி, அடுப்புக்கு எட்டத்துல. அஞ்சு லிட்டர் டின் வாங்குனா முதல் நாளே சின்னச் சின்னப் பாட்டில்ல பிரிச்சு மூடிருங்க, பாதி காலியான டின்னுல காத்துதான் நிறைய இருக்கும்.